வாங்க என்று சொன்ன இடம்

உர்ர்ர் என்று அடித்தொண்டையில் ஓர் உறுமல் கேட்கிறதல்லவா சார், நீங்கள் தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே கேட்டிருக்கும். பந்தல் கண்ணில் படுவதற்கு முன்னால், வாசலில் போட்டிருக்கிற நாற்காலி கண்ணில் படுவதற்கு முன்னால் அதுதான் வரும். விலாசம் தெரியாமல் வருகிறவர்கள்கூட அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே சரியான வீட்டுக்கு வந்துவிடுவார்கள். என் பெட்டிதான். ஐஸ்பெட்டி என்பார்கள், ஃப்ரீசர் பாக்ஸ் என்பார்கள். என் பேர் ஆவுடையப்பன். சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் யார் தவறினாலும் முதல் போன் டாக்டருக்கு, அடுத்த போன் எனக்கு.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். பெரியவர் மகன் துபாயிலிருந்து வந்து சேர எப்படியும் பொழுது சாய்ந்துவிடும். அதுவரைக்கும் இங்கே யாருக்கும் வேலை இல்லை. காத்திருப்பதுதான் வேலை. நீங்கள் சென்னையில் வக்கீல் என்று இந்த வீட்டு மருமகன் சொன்னார். அதனால்தான் பக்கத்தில் வந்தேன், தப்பாக நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு புகார் எழுத வேண்டும்.

சென்னையில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதை நடத்தினவர்கள் மேல் புகார். அவர்கள்தான் என் மச்சினனைக் கொன்றார்கள்.

நஷ்டஈடு எல்லாம் வேண்டாம் சார். அவர்கள் செய்தது தப்பு என்று ஒரு தாளில் வக்கீல் கையெழுத்தோடு வந்தால் போதும். அந்தத் தாளைக் கொண்டுபோய் வடிவு முன்னால் வைக்க வேண்டும். வடிவு என் சம்சாரம். இறந்துபோன இசக்கிராஜுக்குக் கூடப்பிறந்த அக்காள். போன ஐப்பசியிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைப்பாள், வேட்டியைத் துவைத்துப் போடுவாள். பேச்சு மட்டும் இல்லை. ராத்திரித் தொழில் செய்கிறவனுக்குப் பகலில் வீட்டில் ஒரு குரல் வேண்டும் சார். அது இல்லையென்றால் மனிதன் வேனிலேயே கிடக்கலாம்.

ஒரு நிமிஷம். "எம்மா, பச்சைச் சீலை. பெட்டியப் பிடிச்சுக்கிட்டு அழாதீங்க. கைய எடுங்க. கண்ணாடியில கைரேகை விழுந்தா அய்யா முகம் தெரியாது."

சொன்னால் கேட்கமாட்டார்கள். முன்பெல்லாம் நாங்கள் பெட்டியை இறக்கி, ஒயரைச் சொருகி, குளிர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். எடுக்கிற நேரத்துக்கு வந்தால் போதும். இப்போது நான் கிளம்புவதில்லை. பெட்டி இருக்கிற வீட்டில் நானும் இருப்பேன். ஐஸ்பெட்டிக்காரன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறான் என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

இசக்கிராஜைப் பற்றிச் சொல்கிறேன். வடிவை நான் கட்டும்போது அவன் டவுசர் போட்ட பையன். மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போனபிறகு எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். ஐ.டி.ஐ.யில் சேர்த்தேன், பாதியில் வந்துவிட்டான். "அங்க உயிரோட இருக்கவங்க தொந்தரவு தாங்கல அத்தான், உங்க தொழிலுக்கே வந்துருதேன்" என்றான். அப்படித்தான் பேசுவான். துக்க வீட்டு வாசலில் நின்றுகொண்டே என் காதில் எதையாவது சொல்லிவிட்டு முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்வான். சிரிக்கவும் முடியாது, அடக்கவும் முடியாது. ஆனால் ஆள் வேலையில் சுத்தம். சடலத்தைத் தூக்குகிறபோது தூங்குகிற குழந்தையைத் தூக்குவது மாதிரி தலைக்கு அடியில் கை கொடுப்பான். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதில் அவனுக்கு ஒரு முடிச்சு இருந்தது. பூ மாதிரி இருக்கும்.

எங்கள் தொழிலில் சில முறைகள் உண்டு சார். நாங்கள் போகிற வீட்டில் யாரும் எங்களை வாங்க என்று சொல்லமாட்டார்கள். நாங்களும் போயிட்டு வாரோம் என்று சொல்லமாட்டோம். துக்க வீட்டில் அது யாருக்குமே கிடையாது, உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் வருஷத்தில் ஒன்றிரண்டு துக்கத்துக்குப் போவீர்கள். எங்களுக்கு எல்லா வீடும் அந்த வீடுதான். வாங்க என்ற சொல்லைக் கேட்காமலே ஒரு மனிதன் எத்தனை வாசல் ஏறி இறங்குவான், யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு முறை, பெட்டியை வெறும் பெட்டியாக வேனில் ஏற்றமாட்டோம். உள்ளே ஒரு செங்கல்லாவது கிடக்கும். வெறும் பெட்டி ஆள் கேட்கும் என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொல்வார். உயிருள்ளவன் அதற்குள் கையை விட்டுத் துடைக்கலாம், தலையை விடக்கூடாது. இசக்கி இதையெல்லாம் கேலி செய்வான். "செங்கல்லுக்கு மாலை போட்டுருவோமா அத்தான்?" என்பான். ஆனாலும் செங்கல்லை வைக்க மறந்ததில்லை.

இப்படி இருக்கையில்தான் எங்களுக்குப் பெட்டி விற்ற மதுரைக்காரர் போன் செய்தார். சென்னையில் இறுதிச் சடங்குத் தொழிலுக்கு ஒரு பெரிய கண்காட்சி நடக்கிறது, நாலா திசையிலிருந்தும் வருகிறார்கள், உங்கள் ரெண்டு பேருக்கும் பாஸ் இருக்கிறது, சாப்பாடும் அவர்களே போடுகிறார்கள் என்றார். சாவுக்குத் திருவிழாவா? வேண்டாம் என்றேன். இசக்கிதான் விடவில்லை. "நெல்லுக்கு நடக்கு, கோழிக்கு நடக்கு, நமக்கு நடந்தா ஆகாதா? நாம என்ன களவாங்குதோமா?" என்று கேட்டான். வடிவும் அவன் பக்கம் பேசினாள். "போயிட்டு வாங்களேன், ரெண்டு பேரும் ஊர் பாத்தே நாளாச்சு" என்றாள். ஆமாம் சார். அவள்தான் போகச் சொன்னாள். அதை அவள் இப்போது நினைத்துப் பார்ப்பதில்லை.

மண்டப வாசலிலேயே எனக்குக் கால் தயங்கியது. பட்டுச்சேலை கட்டின பெண்கள் ரெண்டு பேர் பன்னீர் தெளிக்கிறார்கள். தட்டில் சந்தனம், கல்கண்டு, ரோஜாப்பூ. "வாங்க சார், வாங்க வாங்க" என்று கை கூப்புகிறார்கள். உள்ளே போனால் ஒவ்வொரு கடையிலும் வாங்க, வாங்க. இசக்கிக்கு வாயெல்லாம் பல். "அத்தான், நம்மளையும் வாங்கன்னு சொல்லுதாவ" என்றான். அவனைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாவுத் தொழில்காரனை வாங்க என்று கூப்பிடுகிற இடத்தில் அந்த வார்த்தையை வேறு யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டாமா?

பேர் எழுதின அட்டையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். "நாம கால் கட்டைவிரல்ல கட்டுத சீட்டை இவிய கழுத்துல மாட்டுதாவ" என்றான் இசக்கி. அந்த அட்டையை அவன் கடைசிவரை கழற்றவில்லை.

என்னவெல்லாம் இருந்தது சார் அங்கே. வெல்வெட் மெத்தை தைத்த சவப்பெட்டி. அஸ்தி வைக்கப் பளிங்குக் குடுவை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் செல்போனில் பார்த்து அழுவதற்கு நேரலைக் கேமரா. மெத்தை விற்கிறவன் எங்களைக் கையைப் பிடித்து இழுத்து, "அமுக்கிப் பாருங்க சார், எவ்வளவு சாஃப்ட்" என்றான். இசக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது படுக்கவருக்கா அண்ணே, பாக்கவங்களுக்கா?" என்று கேட்டான். அவன் அசரவில்லை. "வாங்குறவருக்கு தம்பி" என்றான். ரெண்டு பேரும் சிரித்தார்கள். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவர்கூட அழவில்லையே என்று எனக்குப் பயமாக இருந்தது. பழக்கதோஷம்.

மண்டபத்துக்கு நட்டநடுவில் ஒரு மேடை. அதன் மேல் புதுமாதிரிப் பெட்டி. நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு, மெல்லிசாகப் பாட்டு. கோட்டுப் போட்ட ஒருத்தன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தைரியசாலி யாராவது ஒருத்தர் உள்ள படுத்துப் பாத்து எவ்வளவு சௌகரியம்னு சொல்லணும்" என்றான். கூட்டத்தில் எவனும் அசையவில்லை. எல்லோரும் தொழில்காரர்கள் அல்லவா? எல்லோர் ஊரிலும் ஏதோ ஒரு செங்கல் இருக்கும்.

நான் இசக்கி கையைப் பிடிக்கப் போனேன். கை அங்கே இல்லை. மேடையில் ஏறிவிட்டான்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. சென்னைக்குப் போவதற்காக வடிவு தேய்த்துக் கொடுத்தது. படுத்தான். கண்ணை மூடினான். யாரும் சொல்லாமலே ரெண்டு கையையும் நெஞ்சில் கோத்துக்கொண்டான். அதோடு விட்டானா? கால் பெருவிரல் இரண்டையும் தானே சேர்த்து வைத்துக்கொண்டான் சார். எத்தனையோ பேருக்குச் செய்துவிட்ட பழக்கம். மூடியை இறக்கினார்கள். கூட்டம் கை தட்டியது. போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். கோட்டுக்காரன் குனிந்து, "எப்படி இருக்கு பாஸ்?" என்று கேட்டான். உள்ளே இசக்கி வாய் அசைகிறது. ஒரு சத்தமும் வெளியில் வரவில்லை.

நான் எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. மூடியைத் தூக்கி, "எந்திரில, எந்திரி" என்று சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். கூட்டம் அதற்கும் சிரித்தது. கீழே வந்ததும் கேட்டேன், "உள்ள என்னல சொன்ன?" "வசதியாத்தான் இருக்குன்னேன் அத்தான். நீங்க ஏன் இப்படி வேர்த்துப் போயிருக்கிய?" என்றான்.

அந்தக் கோட்டுக்காரனை விடக்கூடாது சார். புகாரில் அவனைத்தான் முதலில் போட வேண்டும். உயிரோடு இருக்கிறவனைப் படுக்க வைத்து மூடியை மூடினான் என்று எழுதுங்கள். ஊரே பார்த்தது.

"பாப்பா, அந்தப் பக்கமாப் போயி விளையாடு. பெட்டிகிட்ட ஓடக்கூடாது. தாத்தா முழிச்சுக்கிடுவாவ."

எங்கே விட்டேன்? அப்போதே கிளம்பிவிடலாம் என்று அவனை இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். வாசலை ஒட்டி மூலையில் சின்னதாக ஒரு கடை. கூட்டமே இல்லை. ஜெபசெல்வி என்று ஒரு பெண், நாகர்கோவில் பக்கம். நம்ம பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் இசக்கி நின்றுவிட்டான். அந்தப் பெண் எங்கள் அட்டையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க பெட்டியில எர்த் இருக்கா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "எங்க பக்கம் பழைய வீடும்மா. பாதி வீட்டுல சுவத்துல ரெண்டு ஓட்டைதான் இருக்கும். மூணு பின்னை வச்சுக்கிட்டு நான் எங்க சொருக?" என்றேன். எங்கள் தொழிலில் புதுப் பெட்டி வந்ததும் செய்கிற முதல் வேலையே அதுதான் சார், பிளக்கில் மேலே இருக்கிற அந்தத் தடிமனான பின்னை ஒடித்துவிடுவது. ஒடித்துவிட்டால் எந்த வீட்டிலும் நுழையும். அதுவும் இல்லாத வீட்டில் ஒயர் முனையைச் சீவித் தீக்குச்சியால் இறுக்கிவிடுவோம். துக்க வீட்டில் போய், உங்கள் பிளக் பாயிண்ட் சரியில்லை, மாற்றுங்கள் என்று யாரிடம் சொல்வது? எல்லோரும் ஒடிப்பார்கள். என் பெட்டியில் நான்தான் ஒடித்தேன். சுத்தமாக ஒடிக்க வேண்டும், அதற்கும் கை வேண்டும்.

அந்தப் பெண் விடவில்லை. மேசைமேல் ஒரு இரும்புத் தட்டு, ஒரு பல்பு, ஒரு ஈரத்துணி வைத்திருந்தாள். ஈரத்துணியைத் தட்டில் போட்டதும் பக்கத்தில் இருந்த சின்ன சுவிட்ச் டக் என்று விழுந்து பல்பு அணைந்தது. "ஈரக் கை, வெறுங்கால், இரும்புப் பெட்டி. வேற எங்கயாவது இது மூணும் ஒரே இடத்துல சேருமா அண்ணே? துக்க வீட்டுலதான் சேரும். குளிச்சிட்டு ஈரத்தோட வந்து பெட்டியத்தானே பிடிச்சுக்கிட்டு அழுவாங்க" என்றாள். கரண்ட் கொஞ்சம் ஒழுகினாலும் அந்த சுவிட்ச் விழுந்துவிடுமாம்.

இசக்கி அன்றைக்கு முதல் தடவையாகக் கேலியை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தான். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. எங்கே மாட்டணும், எப்படி மாட்டணும். நான் அவன் காதில், "படிக்காம ஓடிவந்த பய, பொம்பளப் பிள்ளை வாத்தியாரா வந்ததும் பாடம் கேக்க" என்றேன். சிரிக்கவில்லை. ஒரு சுவிட்சை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான். அந்தப் பெண், "மறுபடி வாங்க அண்ணே" என்றாள். எனக்குப் பகீர் என்றது. மறுபடி வாங்க. இந்தத் தொழிலில் சொல்லுகிற வார்த்தையா அது?

ஊருக்கு வந்ததும் என்னால் ஆனதெல்லாம் செய்தேன் சார். யாரும் குறை சொல்ல முடியாது. கோவிலுக்குக் கூட்டிப்போய்ப் புற்றுமண் பூசிவிட்டேன். பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். இசக்கியம்மனுக்கு வேண்டி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினேன். கொஞ்ச நாள் அவனை வேன் ஓட்ட விடவில்லை. சனிக்கிழமை வெளியூர் வேலைக்கு அனுப்பவில்லை. வடிவு கேலி செய்தாள், "சின்னப்பிள்ளை மாதிரி பொத்திப் பொத்தி வைக்கியளே" என்று. கண்காட்சியில் நடந்ததை அவளிடம் சொன்னபிறகு அவளும் சும்மா இருந்துவிட்டாள். ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தடுப்பதற்கு ஒரு காவல் போட்டு வைத்தேன். ஒரு பக்கம் விடவில்லை.

அவன் அந்த சுவிட்சைப் பெட்டியில் மாட்டினான். மாட்டின நாளிலிருந்து தலைவலிதான். பெட்டியைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடும், டக் என்று விழுந்துவிடும். தூக்கிவிட்டால் மறுபடி விழும். ஒரு வீட்டில் மகன்காரன் சட்டையைப் பிடித்துவிட்டான். "எங்க அம்மாவ அழுக விடவால பெட்டி கொண்டாந்த?" என்று கேட்டான். ஐஸ்கட்டி வாங்கிப் போட்டுச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து இசக்கியிடம், "அந்தப் பிள்ளை உன் தலையில கெட்டுப்போன சாமானக் கட்டிட்டா" என்றேன்.

"அது கெட்டுப்போகல அத்தான். அது சொல்லுது" என்றான்.

"என்னல சொல்லுது?"

"பெட்டியில கரண்ட் ஒழுகுதுன்னு சொல்லுது. கம்ப்ரஸரப் பிரிச்சுப் பாக்கணும். பெட்டிய நாலு நாளைக்கு நிறுத்திப் போடுவோம்."

நிறுத்துவதாம். ஐப்பசி மாசத்தில். மழை விழுந்தால் வயசாளிகள் வரிசையாகப் போகிற மாசம் சார் அது. எனக்கு அவன் பேச்சு பிடிக்கவில்லை. பெட்டி என்பது எங்களுக்குச் சோறு. நான் சுவிட்சை ஒதுக்கிவிட்டு, ஒயரை நேராகச் சேர்த்து டேப் சுற்றிவிட்டேன். அதற்கப்புறம் பெட்டி ஒரு தொந்தரவும் செய்யவில்லை. நிற்காமல் ஓடியது. நீங்களே கேட்கிறீர்களே, எவ்வளவு சீராக ஓடுகிறது.

இசக்கி அதைப் பற்றிப் பிறகு வாயைத் திறக்கவில்லை. ஒன்று மட்டும் புதிதாகப் பழகிக்கொண்டான். பெட்டியைத் தொடுகிறபோதெல்லாம் முதலில் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்ப்பான், காய்ச்சல் பார்க்கிறது மாதிரி. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. அந்த மேடையில் படுத்த நாளிலிருந்தே பெட்டிக்கும் அவனுக்கும் ஏதோ ஒட்டிக்கொண்டது என்று நினைத்துக்கொள்வேன். தொட்டால் விறுவிறு என்று இருக்கும்தான். ஐஸின் குளிர் அப்படித்தான் மரத்துப்போகப் பண்ணும்.

அன்றைக்குக் குருவிகுளம் பக்கம் ஒரு ஊர். விடிந்ததிலிருந்து மழை. பந்தல் ஒழுகுகிறது. தரையெல்லாம் சகதி, பெட்டியைச் சுற்றித் தண்ணீர். மத்தியானத்துக்கு மேல் நீர்மாலை எடுக்கப் போனார்கள். உங்கள் பக்கம் உண்டா தெரியவில்லை, சொந்தக்காரர்கள் கிணற்றுக்குப் போய்க் குளித்து, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து சடலத்தைக் குளிப்பாட்டுவார்கள். கொட்டுச் சத்தம் பக்கத்தில் வருகிறது. நானும் இசக்கியும் பந்தல் கால் ஓரம் நிற்கிறோம். பெண்கள் சொட்டச் சொட்ட நனைந்து முதலில் வருகிறார்கள். அழுதுகொண்டே பெட்டியைப் பார்த்து ஓடிவருகிறார்கள்.

இசக்கி ஓடினான் சார்.

யாரும் அவனைக் கூப்பிடவில்லை. நான் ஒரு வேலையும் சொல்லவில்லை. "தொடாதீங்க, தொடாதீங்க" என்று கத்திக்கொண்டு அவர்களுக்கும் பெட்டிக்கும் நடுவில் பாய்ந்தான். சகதியில் கால் வழுக்கியது. விழாமல் இருக்கக் கையை நீட்டினான். கை பெட்டியின் கைப்பிடியில். அவ்வளவுதான். பெட்டியைப் பிடித்தவன் விடவில்லை. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணாடிக்குள் படுத்துக்கொண்டு வாயை அசைத்தானே, அதே மாதிரி.

எதற்காக ஓடினான்? இன்றைக்கு வரைக்கும் நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாவு கூப்பிட்டால் கால் தானாகப் போகும் என்பார்கள். மேடையிலும் அப்படித்தான் போனான், இங்கேயும் அப்படித்தான் போனான்.

நான் போய்ச் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன்.

ஏன் பிடுங்கினேனா? தெரியவில்லை சார். கை அங்கேதான் போனது.

அவன் கீழே சரிந்தான். வேனில் போட்டுக்கொண்டு போனோம். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவர் வாயால் சொன்னது, இதயம் நின்றுவிட்டது. திருநெல்வேலிக்கு அனுப்பி அறுத்துப் பார்க்கணுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வடிவு தாங்கமாட்டாள். தூக்கி வளர்த்தவள்.

வேறு ஒருத்தரின் பெட்டியில் அவனை வைக்க எனக்கு மனசு வரவில்லை. இதே பெட்டியில்தான் வைத்தேன். செங்கல்லை எடுத்துவிட்டு அவனை வைத்தேன். கால் பெருவிரலைக் கட்டினேன். அவன் போடுகிற முடிச்சு எனக்கு வரவில்லை.

வடிவு குளித்துவிட்டு வந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அழவே இல்லை. நேராக வந்து ரெண்டு உள்ளங்கையையும் பெட்டியின் விளிம்பில் வைத்தாள். வைத்த வேகத்தில் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். கையை விரித்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்புறம் ஒயரைப் பார்த்தாள் சார். பெட்டியின் அடியிலிருந்து ஒயர் தரையோடு போய், கதவு நிலையோடு ஏறி, சுவரில் சொருகியிருக்கிறதல்லவா, அதைக் கண்ணாலேயே அந்த முனைவரைக்கும் பின்தொடர்ந்து போனாள். பிளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனை பேர் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள், அவள் திரும்பவில்லை.

தம்பி உயிர் தன்னை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனதாக அவளுக்குப் பட்டிருக்கும். அப்படித்தான் நான் நினைக்கிறேன். அந்தக் கண்காட்சிக்கு நான் கூட்டிப்போனதால் வந்த கோபம். அவளே போகச் சொன்னது அவளுக்கு மறந்துவிட்டது. அன்றிலிருந்து பேச்சில்லை. அதனால்தான் கேட்கிறேன். உயிரோடு இருப்பவனைப் பெட்டியில் படுக்க வைத்தது அவர்கள் குற்றம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், படித்தவர் எழுதினது என்று நம்புவாள். வாசித்துக் காட்டக்கூட வேண்டாம். முன்னால் வைத்தால் போதும்.

"ஏய்யா, மாலை போடணும்னா என்கிட்ட கொடுங்க, நான் போடுதேன். நீங்க பெட்டி மேல சாயாதீங்க. குளிரு வெளிய போயிரும்."

என்ன கேட்டீர்கள்? நான் ஒடித்த அந்தப் பின்னா? இல்லை, திரும்ப மாட்டவில்லை. அப்படியேதான் இருக்கிறது.

நீங்களுமா சார். பெட்டியில் கோளாறு இருந்தால் நான் பார்க்காமல் இருப்பேனா? தொழில் தெரிந்தவன். இங்கே தென்காசி ரோட்டில் ஒயர்மேன் இருக்கிறான், பிரித்துப் பார்த்து மாட்ட அரை நாள் ஆகாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் இன்றைக்குப் போய் அந்த ஒயரை மாற்றினால், புதுப் பிளக் போட்டால், பெட்டி வீட்டு முற்றத்தில்தானே நிற்கிறது, வடிவு பார்ப்பாளா இல்லையா? பார்த்தால் என்ன நினைப்பாள்? அதைச் சொல்லுங்கள். அப்புறம் நான் என்ன தாளைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைப்பது?

எழுத முடியாதா. சரி. இப்போதே சொல்ல வேண்டாம். சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள்.

மெயின் சுவிட்சா? இந்த வீட்டில் கதவுக்குப் பின்னால், காலண்டர் தொங்குகிறது பாருங்கள், அதற்கு மேலே. எதற்குக் கேட்கிறீர்கள்? எழுந்துவிட்டீர்களே.

"இந்தா வாரேம்மா. ஆமா, பெட்டிக்கு அடியில வச்ச வாளியில தண்ணி நிறைஞ்சு வழியுதுதான், பாத்துட்டேன். நீங்க கைய வைக்காதீங்க, நான் எடுக்கேன்."

என் ரப்பர் செருப்பு உங்கள் நாற்காலிக்கு அடியில் கிடக்கிறது சார், இப்படித் தள்ளிவிடுங்கள். துக்க வீட்டுக்குள் செருப்போடு போகிறானே என்று இந்தப் பெண்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், பழகிப்போய்விட்டது. மழைக்காலம், தரை ஓதம் என் காலுக்கு ஆகாது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா. இன்னுங் கொஞ்சம். வாளியக் கொட்டிட்டு வச்சிருதேன்."